பெனால்டியை யார் அடித்திருக்க வேண்டும்

புலாவ் செபாங் திடலில் ரயில்வேக்காரர்களிடம் தோற்றுவிட்டுத் திரும்பிய லாரியில் யாரும் வருத்தப்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை. வருத்தப்பட நேரம் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெம்பானைத் தாண்டி இருந்த ஏழாங்கட்டைத் தோட்டத்து லாரி அது. வாரம் முழுக்க ரப்பர் பால் ஏற்றி ஓடியதால் அதற்கென்று ஒரு புளித்த வாசனை உண்டு. அன்று காற்பந்துக் குழுவையும் குழுவுக்காகக் கத்திய ஆண் பெண் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் சாமிக்கண்ணு. தோட்டத்து லாரி டிரைவரும் அவன்தான், குழுவின் கோல்கீப்பரும் அவன்தான். அதனால் பின்னால் நின்றவர்கள் அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் லாரியின் முன்கூரையில் ஓங்கித் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து அவன் பிரேக் போட்டான்.

"விழல, விழல, போ," என்பார்கள் பின்னாலிருந்து. "ஒரு விஷயம் கேக்கணும், அதான் தட்டினோம். ஓடிவந்து அடிச்சியே, மேல பார்த்து அடிச்சியா, கீழ பார்த்து அடிச்சியா?"

நடந்தது இதுதான். ஆட்டம் முடியப் போகும் நேரம். இரண்டுக்கு இரண்டு. அப்போது கோலைக் காத்து நின்ற ரயில்வே பேக் ஒருத்தன் பந்தைக் கையால் தட்டினான். ஏழாங்கட்டைக்குப் பெனால்டி. பெனால்டி என்றால் வீரமுத்து அடிப்பான். அது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சென்டர் ஹாஃப் அவன்தான், கேப்டனும் அவன்தான். பந்து யாருக்குப் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் அவன் கால் முடிவு செய்யும். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர், சாமிக்கண்ணுவைப் பார்த்துக் கையைக் காட்டினார். கோல்கீப்பர் தன் கோலை அப்படியே விட்டுவிட்டுத் திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிவந்து, ஓடிவந்த வேகத்திலேயே அடித்தான். அவன் உதைக்கு மாடு கூட நிற்காது. பந்து கோலின் மேல் கம்பத்தில் பட்டு, எல்லார் தலைக்கும் மேலாகப் பறந்து, நடுத்திடலில் போய் விழுந்தது. அங்கே ரயில்வேயின் ஒல்லி விங்கர் ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். ஏழாங்கட்டையின் இரண்டு பேக்குகளும் பெனால்டியைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க முன்னால் போயிருந்தார்கள். விங்கர் தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு போனான். சாமிக்கண்ணு பின்னாலேயே துரத்தினான். அவனுக்குப் பின்னால் குழு முழுக்க ஓடியது. திருவிழாவில் சாமியைத் தொடர்ந்து கூட்டம் போவதுபோல இருந்தது. விங்கர் காலியான கோலுக்கு முன்னால் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பந்தை உள்ளே தள்ளினான்.

அலோர்காஜா பக்கம் ரோட்டில் தடுப்புப் போட்டு நின்ற மலாய்ப் போலீஸ்காரர் அடையாளக் கார்டுகளைப் பார்ப்பதற்கு முன்பே, "மெனாங் காலா?" என்று கேட்டார். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று அவர் கேட்ட சின்னக் கேள்விக்கு லாரியிலிருந்து பதினைந்து குரல்கள் பதில் சொல்லத் தொடங்கின. அவர் யார் கார்டையும் பார்க்காமல் தடுப்பைத் தூக்கிவிட்டார்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்த அவசரகாலம் அது. ஊரடங்குக்கு முன்னால் எல்லாரும் முள்வேலிக்குள் வந்துவிட வேண்டும். வந்துவிட்டார்கள். இருட்டினால் லயத்து வாசலில் நிற்கக் கூடாது. நிற்கவில்லை. ஆனால் அந்த லயங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைச் சுவர். அதுவும் கூரைவரை எட்டாது. சோறு பொங்கிய அடுப்புக்கு முன்னால் இருந்தபடியே ஒருத்தர் ஒன்று சொல்ல, மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வந்தது. அவசரகாலச் சட்டம் எழுதியவர்கள் பலகைச் சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பேச்சில் எல்லாரையும்விட மேலே கேட்டது இருசம்மாள் குரல். புருஷன் போய்ச் சேர்ந்தபின் தனியாகப் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டி மகள் ஜெயாவை வளர்த்தவள். ஜெயாவும் இப்போது மரம் வெட்டுகிறாள். இருசம்மாள் ஆயுளில் ஒரு தடவைகூடப் பந்தை உதைத்ததில்லை. ஆனால் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை.

"சாமிக்கண்ண ஏன் திட்டுறீங்க? போன்னா போனான். பேக்கு ரெண்டும் வேடிக்கை பார்க்கப் போச்சு, அதுவும் தப்புதான். ஆனா கையக் காட்டினது யாரு? டிரசர்தானே. அவரக் கேளுங்கலா."

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட கணேசமூர்த்தி. மலாக்கா டவுனில் பிறந்தவர், பள்ளிக்கூடக் குழுவில் ஆடியவர். அதனாலேயே பயிற்சியாளர் வேலை அவர் தலையில் விழுந்தது. ஞாயிறுதோறும் வெள்ளைக் காற்சட்டையும் முழங்கால்வரை காலுறையும் போட்டுக்கொண்டு விசில் ஊதுவார். வந்து இரண்டு வருஷம் ஆகியும் தோட்டத்தில் யாரோடும் அவருக்கு ஒட்டுறவு இல்லை. ஸ்டாஃப் பங்களாவில் தனியாக இருந்தார். மரம் வெட்டுகிறவர்கள் ஸ்டாஃப் பங்களாப் படியேறிப் போய்ப் பேசுகிற வழக்கம் கிடையாது. அவரை முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேச ஒரே ஒரு இடம்தான் உண்டு.

திங்கள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிட்டபோது பாதிக் கூட்டத்தைக் காணோம். ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றது.

கணேசமூர்த்தி கதவைத் திறந்து அந்த வரிசையைப் பார்த்ததும் பயந்துபோனார். காலராவோ என்று முதலில் நினைத்தார். முதல் ஆளைக் கூப்பிட்டு என்ன என்று கேட்டார்.

"வயித்து வலி டிரசரையா."

"எப்ப இருந்து?"

"நேத்து அந்தப் பெனால்டியில இருந்து."

அடுத்த ஆளுக்கும் வயிற்று வலிதான். அதற்கும் அடுத்த ஆளுக்கு முதுகு வலி. லாரியில் நின்றது ஒரு காரணம், வலது விங்கைக் கடைசிவரை பயன்படுத்தாதது இன்னொரு காரணம் என்றார். நான்காவது ஆள் நோயைச் சொல்லவே மறந்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். கணேசமூர்த்திக்கு விளங்கிவிட்டது. அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வயித்து வலிக்கு மருந்து இது. குடிச்சிட்டுத்தான் பேசணும்," என்றார்.

இதைப் பார்த்ததும் வரிசை கலைந்துவிடும் என்று அவர் நம்பினார். ஒருத்தர்கூட நகரவில்லை. ஒவ்வொருவராக வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கில் குடித்துவிட்டு, தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அடுத்தவர் கருத்தையும் கேட்க வேண்டுமே. இருசம்மாள் முறை வந்தபோது கிளாஸை வாங்கிக் கள்ளு குடிப்பதுபோலக் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க டிரசரையா. வீரமுத்து நிக்கிறான், கல்லு மாதிரி. அவன விட்டுட்டு கோல் காக்கிற கோலிய ஏன் கூப்பிட்டீங்க?"

"சாமிக்கண்ணு உதை பலமான உதை."

"பலமா உதைக்கிறதுதான் வேணும்னா ஸ்டோர்ல எருமை இருக்கு, அதக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற சாமிக்கண்ணுவும் சிரித்தான். கணேசமூர்த்திக்கே உதட்டோரம் துடித்தது. இரண்டு வருஷமாக இந்த அறையில் அவர் கேட்டதெல்லாம் "ஆமாங்கையா", "சரிங்கையா" இரண்டும்தான். இன்று காலை ஒரு மணி நேரத்துக்குள் அவரை முட்டாள் என்றும் அவசரக்காரர் என்றும் இடது கால் வலது கால் தெரியாதவர் என்றும் மரியாதையோடு சொல்லியிருந்தார்கள். அவருக்கு ஏனோ உடம்பெல்லாம் லேசானதுபோல இருந்தது.

அந்த நேரத்தில் தோட்டத்துத் துரை தன் பங்களாவில் போனை எடுத்துவிட்டார். ஒரே காலையில் பாதித் தோட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த நாளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் என்றால் காட்டுக்குள் இருப்பவர்களின் கை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் முள்வேலிக் கேட்டைத் தாண்டி வந்து ஆஸ்பத்திரி முன்னால் நின்றது. துப்பாக்கியோடு இரண்டு கான்ஸ்டபிள்கள் குதித்தார்கள். பின்னால் சார்ஜண்ட் ராமையா இறங்கினார். பெரிய மீசை, பெரிய உடம்பு.

அவர் கான்ஸ்டபிள்களை முன்னால் விட்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தார்.

"யார் உங்களைத் தூண்டிவிட்டது?" என்று கேட்டார் ராமையா.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்வாசல் வழியாக ஓடினார்.

"பிடி அவன," என்றார் சார்ஜண்ட். ஒரு கான்ஸ்டபிள் துரத்திக்கொண்டு போனார். போனவர் சற்று நேரத்தில் தனியாகத் திரும்பி வந்து, சார்ஜண்டின் காதில் ஏதோ சொன்னார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் எழுந்து அதே வழியில் ஓடினார்கள். விளக்கெண்ணெய் தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

ராமையா டிரசரைப் பார்த்தார். "என்ன நடக்குது இங்க?"

கணேசமூர்த்தி உள்ளதைச் சொன்னார். ரயில்வே, இரண்டுக்கு இரண்டு, பெனால்டி, மேல் கம்பம், ஒல்லி விங்கர், வரிசை, விளக்கெண்ணெய். சொல்லி முடித்ததும் அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு சார்ஜண்டின் மீசையைப் பார்த்தது.

ராமையா தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நேத்து நான் டூட்டியில இருந்தேன், ஆட்டத்தப் பார்க்க முடியல. நானும் ஒரு காலத்துல ஹாஃப்தான்," என்றார். "யார் எங்க நின்னீங்க? சரியாக் காட்டுங்க."

அதன்பின் அலமாரியிலிருந்த போத்தல்கள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. பழுப்பு அயோடின் போத்தல் வீரமுத்து. குண்டுக் கொயினா போத்தல் சாமிக்கண்ணு. இருமல் மருந்து இரண்டும் பேக்குகள். பஞ்சு உருண்டை பந்து. கணேசமூர்த்தி, "அது உடையும், அது உடையும்," என்று சொல்லிக்கொண்டே தானும் ஒரு போத்தலை நகர்த்தினார். இருமல் மருந்தை யார் முன்னால் தள்ளியது என்பதில் ஒரு சண்டை வந்தது. ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த வீரமுத்துவைக் கூப்பிட ஆள் போனது. அவன் புகை வாசனையோடு வந்து வாசலில் நின்றான். உயரமானவன், அதிகம் பேசாதவன்.

"பெனால்டி கிடைச்ச நேரம் நீ எங்கப்பா நின்ன?" என்று கேட்டார் சார்ஜண்ட்.

வீரமுத்து அயோடின் போத்தலை எடுத்துப் பெனால்டி இடத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்தான்.

"இவ்வளவு பக்கத்துலயா? அப்ப நீயே ஏன் அடிக்கல?"

"டிரசரையா சாமிக்கண்ணுக்குக் கையக் காட்டினாரு."

"முதல்ல உனக்குத்தான் காட்டினேன்," என்றார் கணேசமூர்த்தி மெதுவாக. இதை அவர் காலையிலிருந்து யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "ரெண்டு தடவை காட்டினேன். நீ குனிஞ்சு பூட்ஸ் கயித்தக் கட்டிக்கிட்டு இருந்த. நிமிரவே இல்ல. ரெஃப்ரி விசில வாயில வச்சிட்டாரு. நான் என்ன செய்யட்டும்?"

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "கயிறு அவுந்துபோச்சுங்க," என்றான் வீரமுத்து. "கட்டாம எப்படி அடிக்கிறது?"

நியாயம்தான் என்றார்கள் சிலர். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் அல்லவா எல்லார் கயிற்றையும் பார்த்திருக்க வேண்டும் என்று இருசம்மாள் தொடங்கினாள்.

"கயிறு அவுரல."

சொன்னது ஜெயா. அம்மாவுக்குத் துணையாக வந்து, விளக்கெண்ணெயை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையிலிருந்து சுவரோரம் நின்றிருந்தாள். எல்லாரும் திரும்பினார்கள்.

"அவுரவே இல்ல," என்றாள் மறுபடியும். "நல்லாத்தான் கட்டியிருந்துச்சு. அவராத்தான் அவுத்தாரு. அவுத்துட்டுக் கட்டினாரு. கட்டி முடிச்சு, இன்னொரு தடவையும் அவுத்தாரு."

சார்ஜண்ட் ராமையா மீசையைத் தடவினார். "திடல்ல இருபத்திரண்டு பேர் நாப்பத்து நாலு காலோட ஓடுறாங்க. நீ கோட்டுக்கு வெளிய, அத்தனை கூட்டத்துல நிக்கிற. இந்த ஒரு ஆள் பூட்ஸ் கயிறு உனக்கு எப்படித் தெரிஞ்சதும்மா?"

ஜெயா வாயைத் திறந்தாள். திறந்தபின்தான் என்ன சொல்லப் போகிறோம் என்பது அவளுக்கே புரிந்தது. முகம் கழுத்துவரை சிவந்தது. அவள் பதில் சொல்லவே தேவையிருக்கவில்லை. முதலில் சிரித்தது சாமிக்கண்ணு. பிறகு பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. கணேசமூர்த்தி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். இருசம்மாள் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் பேச்சில்லாமல் நின்றதை அந்தத் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏன் அவுத்தீங்க?" என்று கேட்டாள் ஜெயா. வெளியே வந்தது வந்துவிட்டது, இனி என்ன என்பதுபோல இருந்தது அவள் குரல்.

வீரமுத்து தரையைப் பார்த்தான். "நீ கோலுக்குப் பின்னால நேரா நின்ன," என்றான். "அடிச்சு வெளிய போச்சுன்னா அப்புறம் உன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"அதுக்காக என் தலையில கட்டினியா?" என்றான் சாமிக்கண்ணு. கோபமாகச் சொல்லத்தான் முயன்றான், முடியவில்லை.

இருசம்மாளுக்குப் பேச்சு திரும்பி வந்தது. "வீரமுத்து, நீ," என்று விரலை நீட்டினாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வயிற்றைப் பிடித்தாள். "இரு, வந்து பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள்.

துரையிடம் போய் சார்ஜண்ட் ராமையா என்ன சொன்னார் என்பது பின்னால் எல்லாருக்கும் தெரியவந்தது. வேலைநிறுத்தம் ஒன்றும் இல்லை, காட்டுக்காரர்கள் யாரும் இல்லை, எல்லாருக்கும் வயிறு சரியில்லாததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்த வார முடிவில் வீரமுத்து பெண் கேட்டு வந்தான். அவனுக்குத் தோட்டத்தில் பெரியவர்கள் என்று யாரும் இல்லாததால் கணேசமூர்த்தி கூட வந்தார். வெள்ளைக் காற்சட்டைக்குப் பதிலாக வேட்டி கட்டியிருந்தார். லயத்து வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் காதை வைத்திருந்தார்கள்.

இருசம்மாள் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பையன் நல்ல பையன்தான், தெரியும். ஆனா ஒரு பெனால்டிக்குப் பயந்தவனுக்குப் பொண்ணக் குடுத்தேன்னு நாளைக்கு ஊரு பேசும். அடிச்சுக் காட்டட்டும். ஜெயா கோலுக்குப் பின்னால நிக்கட்டும். அப்புறம் பாக்கு வெத்தல மாத்தலாம்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அதுதான் நியாயம்," என்று ஒரு குரல் வந்தது.

மறுநாள் சாயங்காலம் வெயில் சாய்வதற்குள் தோட்டத்துத் திடலில் நிற்க இடமில்லை. டூட்டி இல்லாத சார்ஜண்ட் ராமையாவும் சைக்கிளில் வந்திருந்தார். கோலில் சாமிக்கண்ணு. தான் ஓடிய ஓட்டமெல்லாம் அவன் மனசில் இருந்தது; விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான். கோலுக்குப் பின்னால் ஜெயா, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கணேசமூர்த்தி விசிலை ஊதினார். வீரமுத்து ஓடிவந்து அடித்தான். பந்து இடது மூலைக்குப் போனது. சாமிக்கண்ணு பாய்ந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தரையில் உருண்டான்.

வீரமுத்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அப்போது கோட்டோரத்திலிருந்து இருசம்மாள் திடலுக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"செல்லாது. அடிக்கிறதுக்கு முன்னாலயே கோலி கோட்டுல இருந்து கால எடுத்துட்டான். நான் பார்த்தேன். திரும்ப அடிக்கணும்."

"எப்ப எடுத்தேன் அக்கா?" என்று எழுந்தான் சாமிக்கண்ணு.

"விசில் சத்தத்துக்கும் உதைக்கும் நடுவுல எடுத்த. டிரசரையா, நீங்க பார்க்கலியா? எங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"நான் பந்தப் பார்த்தேன்," என்றார் கணேசமூர்த்தி.

"அதான் பாருங்க. எப்பவும் இவரு பந்தத்தான் பார்ப்பாரு."

சார்ஜண்ட் ராமையா சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கால் நகர்ந்ததா, குதிகால் மட்டும் தூக்கியதா என்பதுதான் கேள்வி என்றார். குதிகால் தூக்கினால் பரவாயில்லை என்று ஒரு கூட்டம். குதிகாலும் கால்தானே என்று இன்னொரு கூட்டம். யாரோ ஒருவர் சாமிக்கண்ணுவின் காலடித் தடத்தைத் தரையில் தேடினார். இரண்டு பேர் அதே இடத்தில் நடந்து அதை அழித்தார்கள். அதைப் பற்றி ஒரு தனி வாக்குவாதம் தொடங்கியது. தாடையில் கை வைத்தபடி நின்ற கணேசமூர்த்தி, நடுவில் ஒரு இடைவெளி கிடைத்ததும், புலாவ் செபாங்கில் ரயில்வே கோலி கோட்டின்மேல் சரியாக நின்றாரா என்று யாராவது கவனித்தீர்களா என்று ஒரு கேள்வியை எடுத்துப் போட்டார். அது பெட்ரோல் ஊற்றியதுபோல ஆயிற்று. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் வேண்டுமென்றே செய்தது தெரியும்.

வீரமுத்து மெதுவாகக் கூட்டத்திலிருந்து விலகி, கோல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். ஜெயா இன்னும் அங்கேயே நின்றாள்.

"தடுத்துட்டான்," என்றான்.

"பார்த்தேன்," என்றாள். "இப்ப என் மூஞ்சில முழிச்சிட்டீங்கல்ல. அவ்வளவுதான்."

இருவரும் கம்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பேசினார்கள். அவள் மரம் வெட்டவும் அவன் புகைக்கூடத்துக்கும் போகிற பாதையில் எத்தனையோ காலை ஒருவரையொருவர் தாண்டிப் போயிருந்தார்கள். இத்தனை நேரம் நின்று பேசியது இதுதான் முதல் தடவை. தோட்டமே அங்கே இருந்தும் அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திடலின் நடுவில் இருசம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் மருமகனுக்காகச் சார்ஜண்டோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.